திராட்சைப் பந்தல்ல தொங்குன கல்யாண சிடி

எங்க கல்யாண சிடியை என் மாமனார் திராட்சைப் பந்தல்ல கட்டித் தொங்கவிட்டிருந்தாக. வெயில்ல மினுக்குறதைப் பாத்தா மைனாவும் கிளியும் பழத்துக்கிட்ட வராதுன்னு அனுமந்தன்பட்டிப் பக்கம் எல்லாரும் பழைய சிடியைக் கட்டுறதுதான். அதுக்காக அலமாரியில கைக்குக் கிடைச்சதையெல்லாம் அள்ளிட்டுப் போறதா?

"அங்கன கிடந்தது பழைய சினிமாப் படம்னு நெனச்சேன் ஆத்தா"ன்னாக. எனக்குக் கோவம் உச்சி வரைக்கும் ஏறிருச்சு. அவுகளோட பேச்சையே நிறுத்திட்டேன்.

வெறும் கல்யாணப் படம்னா போய்த் தொலையுதுன்னு விட்டிருப்பேன். எங்க அப்பா செத்து ரெண்டு வருசம். அவுக குரல் அந்த சிடியில மட்டுந்தான் இருக்கு. வீடியோக்காரர் படம் முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தாரு. யார் வாய் அசைஞ்சாலும் பாட்டுத்தான் கேக்கும். பந்தியில அப்பா என் மாமனார்கிட்டப் பேசுற இடத்துல மட்டும், ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரமாகும். அங்கன அப்பா பேசுவாக. என்ன சொன்னாகன்னுகூட எனக்கு மறந்து போச்சு. அம்மா வீட்டுல இருந்த இன்னொரு சிடி இரவல் போய் வரவே இல்ல.

சிடி முழுக்க மண்ணும் மருந்தடிச்ச கறையும். கழுவித் துடைச்சுப் போட்டா, தாலி கட்டுற வரைக்கும் ஓடி நின்னுருச்சு. சிடிக் கடையில கொண்டுபோய்க் காட்டுனா, கடைக்காரர், "தூக்கிப் போட்டுருங்கக்கா"ன்னாரு. "உங்க அப்பா குரலா இருந்தா தூக்கிப் போடுவீகளா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

பிள்ளைக படிக்க வாங்குன பழைய கம்ப்யூட்டர் வீட்டுல இருந்துச்சு. ஒரு பத்திரிகையோட இனாமா வந்த சிடியில, வீடியோவை மாத்திக் காப்பி எடுக்குற சாஃப்ட்வேரும் இருந்துச்சு. நான் பத்தாவது, இங்கிலீசு தகராறு. இருக்கட்டுமே! ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்து, என்ன நடந்துச்சுன்னு மளிகைச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி வச்சேன். மொதல்ல முப்பது சதவீதத்துல நின்னுச்சு. வேகத்தைக் குறைச்சேன், இன்னுங் கொஞ்சம் போச்சு. மொத்தமா மாத்தாம, அஞ்சஞ்சு நிமிசமா வெட்டி மாத்துனேன்.

நாலாம் நாள் பந்தி வந்துச்சு. அப்பா வாய் அசையுது, சத்தத்தைக் காணோம்! ஆடியோ கட்டத்துல டிக் போடாம விட்டிருக்கேன். அட மூதேவின்னு என்னையவே திட்டிக்கிட்டு மறுபடி ஓட்டுனேன். காலையில இருந்து சோறு தண்ணி இல்ல, எந்திரிச்சா நின்னுருமோன்னு பயம்.

படம் கட்டங் கட்டமா உடைஞ்சுதான் வந்துச்சு. குரல் தெளிவா வந்துச்சு. சத்தம் கேட்டு மாமா வந்து எனக்குப் பின்னாடி நின்னாக. படத்துல அப்பா பேசுறாக:

"சம்மந்தி, எம்மக கோவக்காரி. கோவம் வந்தா பேச மாட்டா, சாப்பிடவும் மாட்டா. நீங்கதான் கூப்பிட்டு உக்கார வைக்கணும்."

அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருச்சு. மாமா மெதுவாக் கேட்டாக.

"சாப்பிட்டியா ஆத்தா?"

"இல்ல மாமா"ன்னேன். அழுதுட்டேன்.