ரெண்டு அடி மருந்து

எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சியும் ஆகாது, கரப்பான்பூச்சிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் ஆகாது. மகளுக்கு வீசிங். இழுக்க ஆரம்பித்தால் விலா எலும்பெல்லாம் தனித்தனியாகத் தெரியும். பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். கொசுவர்த்தி கூடாது, ஊதுபத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, பூச்சி ஸ்ப்ரே கூடவே கூடாது. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, "வீட்டுல கரப்பான் இருந்தாலும் இவளுக்கு இழுக்குமுங்க, அதையும் பாத்துக்கோங்க" என்றார். அப்புறம் நான் என்னதான் செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாங்கள் இருப்பது துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தரைத்தள வீடு. பின்னால் யாரோ வாங்கிப் போட்ட காலி சைட், அதன் ஓரத்தில் சாக்கடை. கணவருக்குப் பெருந்துறையில் வேலை. விடிந்ததும் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். எனக்கு ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. ஆக, கரப்பானோடு மல்லுக்கட்டுவது என் தலையில் விழுந்தது.

முதலில் செல்போனில் பார்த்ததையெல்லாம் செய்தேன். எலுமிச்சைத் தோலை அலமாரியில் வைத்தேன். அது காய்ந்து சருகானதுதான் மிச்சம். பிரிஞ்சி இலையைக் கசக்கிப் போட்டால் கரப்பான் ஓடிவிடும் என்று ஒரு அம்மா வீடியோவில் சத்தியம் செய்தார். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்று அந்த இலைமேலேயே மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அம்மா கையில் கிடைத்திருந்தால் நல்லா நாலு கேட்டிருப்பேன்.

கடைசியில் கைகொடுத்தது அலுப்பான வேலைகள்தான். பாத்திரம் கழுவி முடித்ததும் சிங்க்கைத் துணியால் துடைத்துக் காய வைப்பது. குப்பையை ராத்திரி வீட்டுக்குள் வைக்காமல் இருப்பது. குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே வெள்ளை சிமெண்ட் பூசுவது. பாத்ரூம் தண்ணீர் போகிற துளைக்குக் கண் சின்னதாக உள்ள ஜாலி போட வந்த பிளம்பர், "ஜாலி போட்டாச்சுன்னா அப்புறம் ஜாலிதானுங்க்கா" என்று சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார். எதற்கும் அசையாதவற்றுக்கு, கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரைச் சர்க்கரையும் கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்து, மகள் கை எட்டாத இடமாகப் பார்த்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உருண்டை உருண்டையாக வைத்தேன்.

முக்கால்வாசி ஒழிந்தது. மீதிக் கால்வாசி எங்கிருந்து வருகிறது என்றுதான் பிடிபடவில்லை. கணவர் லாஃப்ட்டில் அடுக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டிகள்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. டி.வி. பெட்டி, மிக்ஸி பெட்டி, இண்டக்ஷன் அடுப்புப் பெட்டி எல்லாம் தெர்மகோலோடு அப்படியே இருந்தன. கேட்டால், "வாரண்டிக்கு வேணும்" என்பார். அந்த மிக்ஸியே செத்து, வேறு மிக்ஸி வந்து, அதற்கும் ஒரு பெட்டி மேலே ஏறியிருந்தது. இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டைதான் வரும் என்பதால் விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் மாமனார் வந்தார். அந்தியூர்ப் பக்கம் தோட்டம், மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். கண்புரை ஆபரேஷனைக் கோயம்புத்தூரில் செய்துகொண்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதால் எங்களோடு தங்கினார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை "அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். வா, போ, சாப்பிட்டியா என்று சொந்த மகளிடம் பேசுகிற பேச்சுதான் என்னிடமும்.

இரண்டாம் நாள் காலையில் சமையலறை மேடையில் ஒரு கரப்பான் ஓடுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, ஒரு மருந்து வாங்கி அடிச்சா ஒரே நாள்ல தீந்துபோயிருமே?"

"அதெல்லாம் வேண்டாமுங்க மாமா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்கிற பொறுமை எனக்குக் கிடையாது. சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வந்த நாலாம் நாள் ஆபீஸில் ஒரு லோடு கிளம்ப வேண்டியிருந்தது. லாரி வரவில்லை. மகள் பள்ளி விட்டு நாலேகாலுக்கு வீட்டுக்கு வருவாள். அவளுக்கு அந்த வாரம் சளி பிடித்திருந்ததால் காலையிலும் சாயந்திரமும் இன்ஹேலரில் இரண்டு பஃப் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மருந்து அடிப்பது. மருந்து அடிச்சியா, ரெண்டு அடி அடிச்சியா என்றுதான் கேட்போம். சாயந்திரம் நான் வீட்டில் இருந்தால் நினைவுபடுத்துவேன். அன்று போக முடியாது என்று தெரிந்ததும் மூன்று மணிக்கு மாமனாருக்குப் போன் செய்தேன். பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் வேறு.

"மாமா, நான் வர லேட்டாகுமுங்க. சாயந்திரம் மருந்து அடிக்கோணும், மறந்துறாதீங்க. ரெண்டு அடி போதும்."

"செரி அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் லாரி வந்துவிட்டது.

நாற்பது வருஷமாகத் தோட்டத்தில் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தவர் அவர். அவர் அகராதியில் மருந்து அடிப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். பேத்திக்கு இழுப்பு என்று தெரியும். ஆனால் இழுப்புக்கு மருந்து என்றால் அது குடிக்கிறது, விழுங்குகிறது. இன்ஹேலரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. காலையிலும் சாயந்திரமும் மகள் அதை எடுப்பது உள் அறையில். மருமகள் ஒருவழியாக மனசு மாறிவிட்டாள் என்று நினைத்து, கறுப்புக் கண்ணாடியோடு முனைக் கடைக்கு நடந்துபோய் ஒரு ஸ்ப்ரே டின் வாங்கி வந்திருக்கிறார். துண்டை மூக்கில் கட்டி, ஜன்னல்களைச் சாத்தி, சமையலறையிலிருந்து படுக்கையறை வரை ஒரு சுற்று அடித்திருக்கிறார். நான்தான் ரெண்டு அடி என்று சொல்லியிருந்தேனே. அதனால் இன்னொரு சுற்றும் அடித்திருக்கிறார்.

நாலரைக்கு அவரிடமிருந்து போன். "அம்மணி, பூச்சிக்கு மருந்து அடிச்ச வீட்டுக்குள்ள வந்ததும் புள்ளைக்கு இழுக்குது. அவளால பேச முடியலே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம், சீக்கிரம் வா."

அதற்குப் பிறகு நடந்ததில் ஆட்டோ ஓட்டுநரின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. மாமனார் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தில் நெபுலைசர் மாஸ்க் இருந்தது. உதட்டின் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். பயமில்லை, கொஞ்ச நேரத்தில் கூட்டிப்போகலாம் என்றார் நர்ஸ். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை.

"யாருங்க உங்களை மருந்து அடிக்கச் சொன்னது? வேண்டாம்னு சொன்னேனா இல்லியா? எம்புள்ளையக் கொன்னுபோடலாம்னு பாத்தீங்களா?"

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். துண்டு இன்னும் கழுத்தில் கிடந்தது.

"நீங்கதானுங்களே அடிக்கச் சொன்னீங்க" என்றார். "ரெண்டு அடின்னு சொன்னீங்க. அதானுங்க அடிச்சுபோட்டேன்."

எனக்கு விளங்கியது. நான் சொன்ன வார்த்தை, அவர் கேட்ட வார்த்தை இரண்டும் ஒன்றுதான். தப்பு அவர் பேரில் எள்ளளவும் இல்லை. இன்ஹேலர் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், காரணத்தை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லியிருந்தால், என் மகள் அந்தக் கட்டிலில் இருந்திருக்க மாட்டாள். அதைவிடவும் என்னைக் குத்தியது அந்த "நீங்க". பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஆட்டோக்காரரும் கடைக்காரரும் வார்த்தைக்கு வார்த்தை ங்க போடுவார்கள். அது மரியாதை, கேட்க நன்றாக இருக்கும். வீட்டுக்குள் இருக்கிறவர் திடீரென்று அதைப் போட்டால், உனக்கும் எனக்கும் இனி இவ்வளவுதான் என்று அர்த்தம்.

மறுநாள் காலை அவர் பை கட்டி வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "தப்பு எம்மேலதானுங்க மாமா. வாயில வந்ததைப் பேசிப்போட்டேன்." அவர், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நீங்க வேலைக்குக் கிளம்புங்க" என்றார். கண் டாக்டரிடம் காட்டாமல் போகக்கூடாது என்று கணவர் பிடிவாதம் பிடித்ததால் தங்கினார். எனக்காகத் தங்கவில்லை.

மீதி இருந்த இரண்டரை வாரமும் வீட்டில் மரியாதை தாங்க முடியவில்லை. சாப்பிடறேனுங்க, போதுமுங்க, நீங்க உக்காருங்க. குழம்பு நன்றாக இருக்கிறதா என்றால், "நல்லாருக்குதுங்க." சமையலறையில் நின்று இரண்டு முறை அழுதேன். மகளோ அப்பாரு அப்பாரு என்று தாத்தாவை விட்டு நகரவில்லை. இன்ஹேலரை அவர் கையில் கொடுத்து, "அப்பாரு, இதுதான் என் மருந்து. அது பூச்சிக்கு. ரெண்டும் வேற" என்று காட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து நாங்களும் பஃப் என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரம் அவர் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. காலையில் ஹாலில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கணவர் ஏணிமேல் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லாஃப்ட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தார். "வாரண்டி போயிரும்ப்பா" என்று முனகினார். "மிக்ஸியே போயிருச்சு, பெட்டிய வெச்சு என்னடா பண்றே?" என்றார் மாமனார். என்னால் பத்து வருஷம் ஆகாத காரியம். மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, இறக்கிய பெட்டிகளை மாமனார் வாசலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். நான் கூடப் போகலாமா என்று தயங்கிவிட்டு, சிங்க்கைத் துடைக்கப் போனேன். துடைத்த சிங்க்கையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பழைய மிக்ஸியின் பெட்டியைப் பிரித்தபோது, தெர்மகோலின் ஒவ்வொரு குழியிலும் புளியங்கொட்டை நிறத்தில் கரப்பான் முட்டைக்கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தனவாம். அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குக் கேட்டது வாசலிலிருந்து வந்த குரல் மட்டும்தான்.

"அம்மணி! பூரா இதுக்குள்ளதான் குடியிருந்திருக்குது. இங்க வந்து பாரு!"

ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "இதா வாரேனுங்க மாமா" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.