காந்த வளையமும் வரைவிலக்கணப் பக்கமும்

ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, சென்ட் லோரன்டில் பனியில் கதவு உறைந்து கிடந்த பழைய கிடங்கைப் பட்டறையாக்கினேன். ரொக்ஸ்பரோவில் வீடு கட்டினேன். பிரெஞ்சு தெரியாமலே பிரெஞ்சுக்காரரை வைத்து வேலை வாங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், சூரியனுக்குள் நடக்கிற அணு இணைவைப் பூமியில் நடத்திப் பார்க்கும் இயந்திரத்துக்கு உருக்கு வளையம் செய்து கொடுத்தேன்.

கொதிக்கிற வாயுவைக் காந்தத்தால் கட்டி நிறுத்துகிற இயந்திரம் அது. காந்தச் சுருளைத் தாங்குவது என் வளையம். அவ்வளவு பெரியதைத் திருப்பித் திருப்பி வெல்டிங் செய்ய ஒரு சுழல்மேடை வேண்டியிருந்தது. அதையும் நானே யோசித்துச் செய்தேன். இயந்திரத்தைக் கட்டுகிற நிறுவனத்துப் பொறியியலாளர்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள்.

இப்போது இயந்திரத்தில் உருவாக்குநர்களின் பெயர்ப்பலகை பொருத்தப் போகிறார்கள். அதில் நான் இல்லை. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்கிற வரைவிலக்கணப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள்.

மருமகள் சென்னைப் பெண், வழக்கறிஞர். ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தாள்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சீங்களா மாமா?"

"ராகுகாலம் துவங்கப் பாத்துது பிள்ளை. அதுக்குள்ள வைக்க வேணும். பேந்து வாசிப்பம் எண்டு விட்டிட்டன்."

"உருவாக்குநர்னா வடிவமைப்பு உரிமை வச்சிருக்கிறவங்கன்னு போட்டிருக்கு. நீங்க வழங்குநர். வேலைக்காக வழங்குநர் புதுசா என்ன செஞ்சாலும் அது உருவாக்குநரோடதாம்."

"என்ர சுழல்மேடையுமோ?"

"ஆமா மாமா."

"அப்ப வெல்டிங் பிடிச்ச கை?"

"கைக்கு வரைவிலக்கணம் எதுவும் இல்ல."

மகன் சோபாவில் இருந்தபடி, "கவலைப்படாதேங்கோ அப்பா, என்னை உருவாக்கினது நீங்கள்தான். அதுக்கு ஒப்பந்தம் இல்லை," என்றான். மருமகள் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

கோபம் வரும் என்று இருந்தேன். வரவில்லை. மேசையில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது, ஆறியபடியே குடித்தேன். அடுத்த நாளும் பட்டறைக்குப் போனேன். சுழல்மேடை அங்கேதான் நின்றது. அதன் மின் ஆளியைப் போட்டேன். மேலே ஒன்றும் இல்லாமல் சுற்றியது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேரம் பார்த்ததில் பிழையில்லை. அந்த நேரத்தில் தொடங்கிய வேலை கோணாமல் முடிந்தது. சட்டத்தில் நான் உருவாக்குநர் இல்லையென்றால் அந்தச் சொல்லை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பலகை பொருத்துகிறவர்களே, அது இன்னும் ஏறவில்லை, அடியில் இடம் இருக்கிறது. வளையத்தையும் அதைத் திருப்பிய மேடையையும் செய்தவன் நான் என்று அங்கே எழுதுங்கள். எழுதிவிட்டுப் பிறகு ஆணியை அடியுங்கள்.