சுண்டுவிரல் நுழைகிற கூடை

காலை ஆறரை மணி, கோயமுத்தூர் ஜங்ஷன். என் கோணிப்பைக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் போர்ட்டர். வேண்டாம் என்றார் டிக்கெட் பரிசோதகர். எடை என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. இடம் என்று பார்த்தால் மூன்று பேர் உட்காரலாம். உள்ளே இருந்தவை நான் பின்னிய பிளாஸ்டிக் வயர் கூடைகள், மொத்தம் இருபத்திரண்டு. "ஏறுங்கம்மா, பாலக்காடு தாண்டிட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்று பரிசோதகர் என்னை ஏற்றிவிட்டார். பாலக்காடு வரைக்கும் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகள் எல்லாம் இப்படித்தான் பாதியில் நின்றன.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவர் வேலை பார்த்த நூற்பாலையைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் பொழுதுபோக்காகக் கூடை பின்னத் தெரிந்தவள். சிவன் கண், நெல்லிக்காய் என்று எந்த முடிச்சும் எனக்குக் கைவந்த கலை. ஆனால் எங்கள் தெருவிலேயே எட்டுப் பெண்கள் பின்னுகிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியுமா? அப்போதுதான் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் என் கணவரின் அக்கா ருக்மணி அண்ணி, இங்கே இப்படிப் பின்னுகிறவர்கள் ஒருவரும் இல்லை, கொண்டுவந்து பார் என்று எழுதினாள். பாதி தமிழ் எழுத்து, பாதி மலையாள எழுத்து. இரண்டு வளையல்களை விற்று வயர் வாங்கினேன். மட்டாஞ்சேரியில் நிலையாக வாங்கும் ஆள் ஒருவர் கிடைத்தால் இதையே தொழிலாகச் செய்வது, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பொள்ளாச்சியில் என் அண்ணன் வீட்டுப் பின்னறைக்குப் போவது. இது எனக்கும் என் கணவருக்கும் இடையே இருந்த பேச்சு.

பகல் பன்னிரண்டரை மணி. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம், டிக்கெட் பதினோரு ரூபாய்ச் சில்லறை. கொச்சித் துறைமுகத் தீவில் ரயில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, தண்ணீர்தான். படகுக்கு முப்பது பைசா. தண்ணீரில் கால் வைத்துப் பழகாத எனக்கு, கோணிப்பையைப் பிடிப்பதா கம்பியைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. பையைப் பிடித்தேன். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் அண்ணி நின்றிருந்தாள். அவள் கணவர் நகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர்; வந்து இருபது வருடம். கோயமுத்தூரில் பிறந்த அண்ணியின் பேச்சு இப்போது பாதி வழியில் எங்கோ நின்றிருக்கிறது. "வெயில்ல ஓடாதே. ஒரு சாயா குடிச்சிட்டு, மூணு மணி கழிஞ்சு போகாம்" என்றாள்.

மாலை மூன்று மணி, பஜார். மிளகு மூட்டை, அரிசி மூட்டை, அவற்றுக்கு நடுவே கைவண்டி, அதற்கு நடுவே நாங்கள். சுக்கு வாசனை மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே முதல் கடைக்குப் போனேன். அது சீப்பு, கண்ணாடி, பிளாஸ்டிக் வாளி விற்கும் மொத்தக்கடை. முதலாளி குஜராத்திக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். ஆறு கூடைகளை வரிசையாக வைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒன்றைவிட ஒன்று அரை விரல் உயரம் கூடக் குறைய இருந்தது. எனக்கு அதுவரை தெரியாது. கையால் செய்தது அப்படித்தான் இருக்கும் என்றேன். அதுதான் குறை என்றார். வாங்குகிறவர்கள் கம்பெனிச் சரக்குதான் கேட்பார்களாம், கைவேலை என்று தெரிந்தாலே விலையைக் குறைப்பார்களாம். ஆனாலும் மிக அழகான வேலை என்று மூன்று முறை சொல்லி, எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்து யூதத் தெருவுக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் வந்து பழைய விளக்கும் மரச்சிற்பமும் வாங்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. அந்தக் கடைக்காரர் என் நெல்லிக்காய் முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் மலையாளத்தில் நிறைய பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி எனக்காகத் தமிழை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "சேச்சி, இது கைவேலைதான், எனக்கறியாம். பக்ஷே பார்த்தா மிஷின்ல செஞ்சது மாதிரி உண்டு. வெள்ளைக்கார சாயிப்பு வாங்க மாட்டான்." ஓலையிலோ கயிற்றிலோ கொஞ்சம் கோணலாகப் பின்னிக் கொண்டுவந்தால் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

இருநூறு அடி தூரத்துக்குள் ஒருவர் என் கூடை போதிய அளவு கம்பெனிச் சரக்காக இல்லை என்கிறார், இன்னொருவர் போதிய அளவு கைச்சரக்காக இல்லை என்கிறார். இருவருமே அழகு என்கிறார்கள். நான் தெருவில் நின்று கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அது வெறும் கூடையாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் நான்கு கடைகள் ஏறினோம். அதில் ஒருவர் தன் மகளுக்கென்று ஒன்று வாங்கினார். இரவு சாப்பிடும்போது பொள்ளாச்சிப் பின்னறையில் எங்கள் பீரோ நுழையுமா என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன். அழுகையாக வந்தது, மீன் குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலை ஆறு மணி, தோப்பும்படி. மட்டாஞ்சேரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். நகரப் பேருந்தில் போனோம். எனக்கு மனசு சரியில்லை என்று அண்ணி மீன் துறையைக் காட்ட அழைத்து வந்திருந்தாள். மனசு சரியில்லாதவர்களை மீன் ஏலத்துக்கு அழைத்துப் போகலாம் என்பது கொச்சிக்காரர்களுக்குத்தான் தோன்றும். சாளை மீனைக் குவியல் குவியலாகக் கொட்டி, ஏலக்காரர் ஒரே மூச்சில் விலை கூவினார். யார் எப்போது வாங்கினார்கள் என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணியின் கையிலிருந்த கூடையை அப்போதுதான் கவனித்தேன். எனக்குத் திக்கென்றது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் என் கணவர் மிச்ச வயரை வைத்துத் தானாகவே பின்னிய கூடை அது. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். இழுத்துக் கட்டத் தெரியாமல் முடிச்சுக்கு முடிச்சு சந்து விட்டிருப்பார். விற்பனைக் கூடைகளோடு சேர்க்காமல், அண்ணிக்கான முறுக்கையும் பருப்புப் பொடியையும் அதில் போட்டுத் துண்டால் மூடிக் கொண்டுவந்திருந்தேன். மூடியதற்குக் காரணம் வெட்கம்தான்.

அண்ணி வழக்கமாக மீன் வாங்குவது மேரி என்பவளிடம். ஏலத்தில் எடுத்துத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். அவள் சாளையை அந்தக் கூடையில் போட்டு மேலே ஒரு வாளித் தண்ணீரை வீசினாள். தண்ணீர், செதில், மண் எல்லாம் சந்துகள் வழியாகக் கீழே போய், மீன் மட்டும் பளபளவென்று நின்றது. மேரி கூடையை வாங்கி உயரத் தூக்கி அடியைப் பார்த்தாள். தன் மூங்கில் கூடையைப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் அது இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று அண்ணி விளக்கினாள்.

யார் பின்னியது என்று மேரி கேட்டாள். நான் முந்திக்கொண்டு, இது என் வீட்டுக்காரர் தெரியாமல் பின்னியது, நல்லது வீட்டில் இருக்கிறது என்றேன். ஒரு மணி நேரத்தில் ஓடிப்போய் என் சிறந்த கூடை இரண்டைக் கொண்டுவந்தேன். அவள் அதிலும் மீனைப் போட்டுத் தண்ணீர் வீசினாள். அடியில் அழகுக்காக நான் தைத்திருந்த ரெக்ஸினில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. நெல்லிக்காய் முடிச்சுகளில் செதில் போய் ஒட்டிக்கொண்டு, எத்தனை கழுவியும் வரவில்லை.

"இது கல்யாணத்துக்கு வெற்றிலை கொண்டுபோகான் நல்லது. மீனுக்குப் பற்றில்ல, ஆகாது" என்றாள் மேரி. பிறகு என் கணவரின் கூடைச் சந்தில் தன் சுண்டுவிரலை விட்டு, விரல் மறுபக்கம் வந்ததைக் காட்டினாள். "இத்தனை சந்து வேணும். இதே ஆள் பின்னணும். இதைவிடப் பெரிசாக்கி, எங்க பெண்ணுங்களுக்கு இருபத்தஞ்சு கூடை."

ஒரு கூடைக்கு ஒன்பது ரூபாய் பேசினாள். கடைகளில் நான் கேட்டது பதினைந்து. ஆனால் சந்து விட்டுப் பின்னினால் பாதி வயர்தான் பிடிக்கும், ரெக்ஸினும் வேண்டாம். அந்த ஒன்பதில் கையில் நிற்பது என் பதினைந்தில் நிற்பதைவிட அதிகம். ஒரு பூ இல்லை, ஒரு கண் இல்லை, ஓட்டையோடு இருந்தால்தான் லாபம் என்றால் இத்தனை வருடம் நான் கற்றதெல்லாம் என்ன? சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று புரியாமல் ஈரத் தரையில் நின்றேன். அண்ணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தம்பிக்கு ஒரு பணி கிட்டிச்சல்லோ" என்றாள்.

அன்று பகல் முழுக்க அண்ணி வீட்டில் உட்கார்ந்து நானே சந்து விட்டுப் பின்னிப் பார்த்தேன். எதற்கு அவர், நானே பின்னிவிடலாமே என்று ஒரு வீம்பு. நான்கு வரிசை போனதும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால் நகம்கூட நுழையவில்லை. பிரித்துவிட்டு மறுபடி பின்னினேன். விரல்கள் தாமாகவே இழுத்து இறுக்கின. மூன்றாம் முறை பாதியில் வைத்துவிட்டேன். நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்ளலாம். கற்றதை மறக்க எங்கே போய்ப் படிப்பது?

மூன்றாம் நாள் பிற்பகல், திரும்பும் ரயில். கோணிப்பையில் பத்தொன்பது கூடைகள் திரும்பி வந்தன. ஒன்று கடைக்காரரின் மகளிடம், மீன் வாடை ஏறிய இரண்டும் அண்ணியிடம். என் கணவரின் கூடையை அளவுக்கு வேண்டும் என்று மேரி வைத்துக்கொண்டாள். ஆலுவா தாண்டியதும் மழை பிடித்தது. வியாபாரியாகப் புறப்பட்டவள் நான். இப்போது யாருக்கோ வந்த வேலையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளாகப் போகிறேன். மேரி சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது? கெட்டிக்காரத்தனம் என்று சொன்னால் பொய். உங்களுக்குப் பின்னத் தெரியாததால் பிடித்துப்போயிற்று என்று சொன்னால், எட்டு மாதமாகத் தலை குனிந்திருக்கும் மனுஷர் இன்னும் குனிவார்.

எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். திருச்சூரில் மகளைப் பார்த்துவிட்டு ஈரோட்டுக்குத் திரும்புகிறவர். ரயிலில் கேட்கும் கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டார். எந்த ஊர், எத்தனை குழந்தைகள், வீட்டுக்காரருக்கு என்ன வேலை. மில் பூட்டிய நாளிலிருந்து இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் மில்லில் என்றே சொல்லி வந்திருக்கிறேன். சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவேன்.

"மீனு விக்கறவங்களுக்குக் கூடை பின்றாருங்க" என்றேன். "வேற யாருக்கும் அந்தப் பின்னல் வராதுங்க. எனக்கே வரல."

சொல்லி முடித்த பிறகுதான், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது எனக்கு உறைத்தது.