ஹரூமா பெட்டியும் நான் எழுதிய ஒரு வரியும்

சின்னவனுக்குக் காதில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்க வேண்டும். ஒரு வாரமாக இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. மருந்துக்கடை நடக்கும் தூரம்தான். போனால் கால் மணி நேரத்தில் வாங்கி வந்துவிடலாம். ஆனால் நாலு பேரிடம் கேட்காமல் எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. அந்த நாலு பேரும் இப்போது இணையத்தில் இருக்கிறார்கள். நேற்று மதியம் பிள்ளை தூங்கும்போது உட்கார்ந்து படித்தேன். ஒருவர் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, இதை விட்டு வேறு வாங்குகிறவர்கள் பிள்ளை பெற்றிருக்கவே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் அதே சாமானைக் குப்பைத்தொட்டியில் போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறார். மூன்றாவதாக ஒரு பெண், "இதைச் செய்தவர்களுக்குக் கண் இல்லையா?" என்று கேட்டிருந்தாள்.

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு வரி எழுதியவள்.

தொண்ணூறுகளின் கடைசி. இப்போது பள்ளியில் படிக்கும் மூத்தவளுக்கு அப்போது எட்டு மாதம். அலோர் காஜா டவுனில் ஒரு சின்ன வாடகை வீடு. பிள்ளையைப் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் விட்டுவிட்டு நான் ஒரு காப்புறுதி முகவரின் அலுவலகத்தில் கிளார்க் வேலைக்குப் போவேன். முதலாளி மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு மணி நேரம் அலுவலகமும் அதிலிருந்த ஒரே கணினியும் என் ராஜ்ஜியம். தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிக் கணினியில் செருகினால், இணையம் திறக்கும்முன் தகரக் கூரைமேல் இரண்டு பூனைகள் சண்டை போடுவது மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கியதும் மனிதர்களின் சண்டை தொடங்கும்.

நான் போய் விழுந்தது மின்சாதனங்களைப் பற்றிப் பேசும் ஒரு கருத்துக்களம். தொலைக்காட்சி, வானொலி, விசிடி பெட்டி, அப்போதுதான் பரவிவந்த கைத்தொலைபேசி என்று எல்லாவற்றுக்கும் அங்கே கட்சி இருந்தது. பாதி ஆங்கிலம், பாதி மலாய், கோபம் வந்தால் ஆங்கில எழுத்தில் தமிழ். "ஒலிமன்னன்" என்று ஒருவர் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். "வடக்குப் புலி" என்று இன்னொருவர். நான் "மல்லி". அந்த ஒரு மணி நேரத்தில் மேரி அக்காவைக் கூப்பிட்டுப் பிள்ளை பால் குடித்ததா என்று கேட்க வேண்டும். கம்பிதான் கணினியில் இருக்கிறதே! கடைசி ஐந்து நிமிடத்தில் பிடுங்கி மாட்டி, மூச்சு வாங்கக் கேட்பேன். "எல்லாம் குடிச்சிட்டா லா. நீ சாப்பிட்டியா, அதச் சொல்லு" என்பார் அக்கா. சாப்பிட்டிருக்க மாட்டேன்.

கம்பெனிப் பெயருக்காகச் சண்டை போடுவது எனக்குப் புதிதல்ல. ஜாசின் பக்கத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், சம்பளத்துக்கு மறுநாள் ஆண்கள் கடைமுன் கூடினால் பேச்சு நேராக மோட்டார் சைக்கிளுக்குத்தான் போகும். ஏதாவது ஒன்று நன்றாக உழைத்தால் "ஜப்பான் சாமான்டா!" என்பார்கள். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நன்றாகப் பால்வெட்டும் ஆளைக்கூட அப்படிச் சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் மின்விசிறி வந்தபோது அப்பா அதன் அட்டைப்பெட்டியில் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் அறுத்து, வருகிறவர்கள் பார்க்கும் சுவரில் ஆணியடித்து மாட்டினார். விசிறி செத்துப் பல வருடம் கழித்தும் பெயர் சுவரில் இருந்தது.

அதனால்தானோ என்னவோ, என் வீட்டுக்காரர் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து விசிடி பெட்டியோடு இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் பாகம் பாகமாகப் பூட்டிய பெட்டி அது. தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள்; ஹரூமா என்று வைத்துக்கொள்வோம். பிரித்ததும் புது நுரைப்பஞ்சும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. அவர் பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த ஒரு வட்ட ஸ்டிக்கரைக் காட்டினார். அதில் ஓர் எண்.

"என் நம்பர்தான். எல்லாம் பூட்டி முடிச்சி கடைசியா எங்கிட்டதான் வரும். ரிமோட்ட அமுக்கி, ஓடுதா நிக்குதான்னு பாத்து ஒட்டுவேன். நான் ஒட்டாம ஒரு பெட்டி வெளிய போவாது, தெரியும்ல?"

அவர் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவர். நான் ஆறாம் படிவம் முடித்தவள். இது எங்களுக்குள் பேசிக்கொள்ளாத ஒரு விஷயம். வங்கிப் பாரம் நிரப்புவது நான், கடிதம் படிப்பது நான். அந்த ஸ்டிக்கரை அவர் காட்டிய விதத்தில் அதற்கெல்லாம் ஒரு பதில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, "ஓ, அப்படியா" என்றுதான் சொன்னேன்.

களத்தில் ஹரூமாவுக்கு மரியாதை இல்லை. ஒலிமன்னன் "டென்ஷோ" கட்சி. (இதுவும் மாற்றிய பெயர்தான்.) இங்கே பூட்டுகிற பெட்டி எதுவும் உருப்படாது, நம் ஆட்களுக்குத் திருகாணியை எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியாது என்று எழுதுவார். நான் இரண்டொரு முறை ஹரூமாவுக்காகப் பரிந்து பேசினேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருட ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் அன்றைக்குப் பால்வெட்டும் கத்தி, சைக்கிள், மண்வெட்டி, லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். டவுனுக்கு வந்துவிட்ட எங்களிடம் கத்தி ஏது? சோற்றுப்பானை, இஸ்திரிப்பெட்டி, தையல் மிஷின், விசிடி பெட்டி இவைதான். எல்லாவற்றுக்கும் வைத்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பெரிய பொட்டாக, நடுவில் குங்குமம். எதையும் அரைகுறையாகச் செய்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அன்று முழுக்க எதையும் இயக்கவில்லை. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க லைன்ல மெஷின்ல பொட்டு வைக்கக் கூடாதுன்னுட்டான் சுப்பர்வைசர். நாங்க பஸ்ஸுக்கு வச்சிட்டோம்."

மறுநாள் மாலை ரிமோட் வேலை செய்யவில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்துவதற்கு அந்த நாட்களில் ஒரே மருந்து ஒரு குழந்தைப் பாட்டு விசிடி. மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே ரிமோட்டால் திரும்பத் திரும்ப அதே பாட்டைப் போடுவேன். இப்போது ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பெட்டியில் அமுக்க வேண்டியிருந்தது. எழுந்தால் பிள்ளை வீறிடும். புது பேட்டரி போட்டுப் பார்த்தோம். அவர் தொழிற்சாலையிலிருந்து வேறொரு ரிமோட்டை இரவல் வாங்கி வந்தார். அதற்கும் பெட்டி அசையவில்லை.

"அப்ப ரிமோட்டுல இல்ல, பெட்டியிலதான்" என்றார். முகம் சுருங்கிவிட்டது. "நான் பாத்துத்தான ஒட்டுனேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அந்த வாரம் சாப்பிடும்போதுகூட அதே யோசனை. "இது ஒண்ணுதானா, இல்ல இன்னும் இப்பிடி எத்தன வெளிய போச்சோ."

அந்த வார நடுவில்தான் நான் அதை எழுதினேன். முந்தின இரவு பிள்ளை தூங்கவே இல்லை. மதியம் களத்தைத் திறந்தால் ஒலிமன்னன் வழக்கம்போல் ஹரூமாவை வைதுகொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, ஆங்கிலத்தில் தட்டினேன்: நானும் ஏமாந்தேன், வாங்கி மூன்று மாதத்தில் ரிமோட் செத்துவிட்டது, இதைச் சோதித்து அனுப்பியவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

கடைசிப் பகுதி கேட்க நன்றாக இருந்தது. அதனால்தான் எழுதினேன், வேறு காரணம் இல்லை. சோதித்தவர் யார் என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டுப் பஸ்ஸிலிருந்து சிவந்த கண்ணோடு இறங்கும் அந்த முகம் தெரியாதா? தெரிந்தேதான் விரல் அடித்தது. முதல் முறையாகக் களத்தில் எனக்குப் பதில் வந்தது. "மல்லி சொன்னதுதான் சரி" என்றார் வடக்குப் புலி. "பெண்களே சொல்லிவிட்டார்கள்" என்றார் ஒலிமன்னன். இன்னும் ஏழெட்டுப் பேர். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பெட்டியைக் கழற்றினார். பாயில் செய்தித்தாளை விரித்து, திருகாணிகளை ஒரு குவளையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் முன்பக்கத் தகட்டை மட்டும் பிரித்து எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க வாம்மா. இத இங்கயா வச்ச?"

"எத?"

"இந்தப் பொட்ட."

"ஆமாங்க. பூஜைக்கு வச்சது."

தகட்டின் நடுவில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி. ரிமோட்டிலிருந்து வருவதை அதுதான் வாங்கிக்கொள்ளும். பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் அந்தப் பெட்டியிலேயே கிடையாது. நெற்றி மாதிரி நட்டநடுவில் இருந்தது. அதன்மேல் என் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. நானும் அவரும் தினமும் பார்த்தோம், பூஜைப் பொட்டுதானே என்று. வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பதால் தூசி தட்டும்போதுகூட அதை விட்டுச் சுற்றித் தட்டினேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். "கண்ண மூடிட்டு 'ஏன் பாக்க மாட்டேங்குற'ன்னா அது என்னா லா செய்யும்?" என்றார். பிறகு பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றி எடுத்தார். எடுத்ததைத் தூக்கிப்போட மனம் வரவில்லை போலும். பெட்டியின் மேல்பக்கம் ஓர் ஓரமாக அதையே ஒரு தீற்றாகத் தடவிவிட்டார். ரிமோட்டை அமுக்கினார். பாட்டு வந்தது. அன்று மதியம் அவர் தூங்கிய தூக்கத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் மதியம் முதல் வேலையாகக் களத்துக்குப் போனேன். எழுதியதை அழிக்க அங்கே வழி கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதினேன்: குறை பெட்டியில் இல்லை, நான் வைத்த பொட்டுதான், சோதித்தவர்மேல் தப்பில்லை, மன்னிக்க வேண்டும். உல்லாஸ்டேட்டிலிருந்து, அதாவது உள்காட்டுத் தோட்டத்திலிருந்து, வருகிறவர்களுக்கு மாட்டுவண்டி போதும் என்றார் ஒலிமன்னன். ஹரூமாக்காரன் உனக்கு என்ன கொடுத்தான் என்று ஒருவர் கேட்டார். ஒரே ஒருவர், தம் வீட்டில் அம்மா ஒலிபெருக்கிக்கு விபூதி பூசிய கதையை எழுதியிருந்தார். இரண்டு நாளில் என் திருத்தம் கீழே போய்விட்டது. முதலில் எழுதிய வரி மட்டும் போகவில்லை. ஹரூமா என்று யார் பேச்செடுத்தாலும், "தூங்குகிறவர்கள் சோதித்த பெட்டிதானே?" என்று யாராவது கேட்டார்கள். அது என் வரி என்பதுகூட அவர்களுக்கு மறந்துவிட்டது.

சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் கணினிப் பக்கம் போகிறவரே இல்லை. நாலு நாள் அதையே யோசித்தேன். சொன்னால் தாங்குவாரா, சொல்லாவிட்டால் நான் தாங்குவேனா என்று மாறி மாறி. ஐந்தாம் நாள் மாலை அவர் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும், அந்த வரியோடு சேர்த்து.

"எம் பேரு போட்டியா?"

"இல்லங்க."

"கம்பெனி பேரு?"

"போட்டேன்."

கரண்டியில் இருந்ததை ஊதிப் பிள்ளைக்குக் கொடுத்தார். வாயைத் துடைத்துவிட்டார். "தூங்கிட்டிருந்தேன்னா எழுதுன?" என்றார் மெதுவாக. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்புன்னு அப்புறம் எழுதிட்டேங்க. யாரும் கேக்கல."

"கேக்க மாட்டான். லைன்லயும் அப்பிடித்தான். நல்லா போன பெட்டியப் பத்தி எவன் வந்து சொல்லியிருக்கான்?" கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "அழுவாத லா, பிள்ள பாக்குது" என்றார். "இன்னொரு தடவ எழுதுனா, டெஸ்ட் பண்றவன் நின்னுக்கிட்டேதான் வேல செய்வான்னு எழுது. எங்களுக்கு நாக்காலி இல்ல. நின்னுக்கிட்டு எப்பிடித் தூங்குறது?"

அவர் நின்றுகொண்டு வேலை செய்கிறார் என்பது கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிறகு எல்லாமே சீக்கிரம் போய்விட்டன. தொழிற்சாலை கூலி குறைந்த வேறு நாட்டுக்குப் போனது. கடைசி நாள் கம்பெனி பஸ் அவரை இறக்கிவிட்டுத் திரும்பியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். விசிடி என்றால் என்ன என்று மூத்தவள் கேட்கிறாள். ஹரூமா என்ற பெயரை எந்தக் கம்பெனியோ வாங்கி, சில வருடம் வைத்திருந்து, விட்டுவிட்டது. அவர் இப்போது தங்கா பத்துவில் ஒரு சாமான் கிடங்கில் இருக்கிறார். அங்கே நாற்காலி இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

நேற்று தெர்மாமீட்டரை விட்டுவிட்டு அந்தக் களத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. ஒலிமன்னன் இல்லை, வடக்குப் புலி இல்லை, மல்லியும் இல்லை. என் பொல்லாத வரி அழிந்துபோனதில் ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. அதோடு என் திருத்தமும் அல்லவா போயிருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. முன்பு யாரும் படிக்காவிட்டாலும் அது அங்கே இருந்தது. இப்போது எங்கேயும் இல்லை.

அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதைச் சோதித்தவர் விழித்திருந்தார், நின்றுகொண்டிருந்தார்.