கவுன்சில்மேன் திருமூர்த்தி நம்பின ஓட்டு

திருமூர்த்திக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது முகத்தைப் பார்த்து ‘கண்டிப்பா’ என்று சொல்லிவிட்டால் அதை அப்படியே நம்பிவிடுவார். ஈரோடு கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்ல வந்தவனையெல்லாம் குறுக்கு விசாரணையில் தண்ணி குடிக்க வைத்த மனுஷன்தான். ஆனால் நம்ம ஜனம் என்று வந்துவிட்டால் அந்த மூளை எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

தொண்ணூறில் அவர் மனைவி சாரதாவுக்கு நியூ ஜெர்சியில் நர்ஸ் வேலை கிடைத்து, கிரீன் கார்டோடு குடும்பமாக வந்து இறங்கினார்கள். இவர் வாங்கிய வக்கீல் பட்டம் இங்கே செல்லாக்காசு. பகலெல்லாம் காஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டார், சாயங்காலம் சட்டக் கல்லூரிக்குப் போனார். தன்னைவிடப் பாதி வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து, காதோரம் நரைத்தபோது மறுபடியும் வக்கீலானார். பார்சிப்பனி என்ற ஊரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே சின்னதாக ஆபீஸ் போட்டார்.

அந்தப் படியேறி வராத தமிழர் அந்த வட்டாரத்தில் கிடையாது. விசா முடியப் போகுது, அப்பா அம்மாவைக் கூப்பிடணும், சிட்டிசன்ஷிப் எழுதணும், எதுவானாலும் வக்கீல் சார். கிட்டுசாமி என்ற கோபிச்செட்டிபாளையத்துப் புரோகிராமருக்கு, கிரீன் கார்டு பாதியில் நிற்கும்போது கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். பெட்டி கட்ட வேண்டிய நிலைமை. திருமூர்த்தி அந்தக் கேஸை விடாப்பிடியாகப் பிடித்து நிமிர்த்திக் கொடுத்தார். அன்றிலிருந்து கிட்டுசாமிக்கு அவர் அண்ணா.

அரசியல் ஆசை எப்படி வந்ததென்றால், பனியால் வந்தது. அவர் தெருவுக்குப் பனி தள்ளும் லாரி எப்போதும் கடைசியில்தான் வரும். கேட்கப் போனவர் சண்டை போட்டார், சண்டை போட்டவர் தொண்ணூற்றேழில் டவுன் கவுன்சிலுக்கே நின்றார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார். வெள்ளைக்காரப் பாட்டிமார்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையாது. மிஸ்டர் மூர்த்தி என்று உட்கார வைத்து லெமனேட் கொடுத்து, ஓட்டும் போட்டார்கள். ஜெயித்தார். லாரியும் நேரத்துக்கு வந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் ஸ்டேட் அசெம்பிளிக்கு நிற்கத் துணிந்தார். அதற்கு முதலில் பிரைமரியில் ஜெயிக்கணும், அதாவது கட்சிக்குள்ளே வேட்பாளர் யார் என்று ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தேர்தல். அதற்கு மெனக்கெட்டு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆகவே சிட்டிசனாகிவிட்ட நம்ம குடும்பங்கள் மொத்தமாக வந்தால் போதும், சீட்டு கையில்.

“நம்மாளுங்கள என்கிட்ட விட்டுடுங்ணா. நீங்க வெள்ளக்காரங்களப் பாருங்க” என்றார் கிட்டுசாமி.

வழக்கமாக ஜூன் முதல் வாரம் நடக்கிற பிரைமரி, தொகுதி எல்லையை மாற்றியதில் அந்த வருஷம் ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. மே மாசம் கிட்டுசாமி வீட்டுப் பின்புறத்தில், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்து. திருமூர்த்தி தேதியைச் சொல்லி ஒவ்வொருத்தரிடமும் கேட்டார். “கண்டிப்பா சார்! இதக்கூடக் கேக்கணுமா?” என்று எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனுஷன் அன்றைக்குக் குழந்தை மாதிரி தூங்கினார்.

பிரைமரி அன்று மத்தியானம் வரைக்கும் வாக்குச்சாவடிப் பக்கம் ஒரு தமிழ் முகம் தென்படவில்லை. போன் பண்ணினால் எல்லா வீட்டிலும் ஆன்சரிங் மெஷின்தான் பேசியது. பதறிப்போய்க் காரை எடுத்துக்கொண்டு, பாட்லக்கில் கையைக் குலுக்கிய பாலசுப்ரமணியன் வீட்டுக்கு முதலில் போய் மணியடித்தார். கதவைத் திறந்தது கிட்டுசாமி. ஒரு கையில் பூவாளி, இன்னொரு கையில் ஒரு கொத்துச் சாவி.

“நீ இங்க என்ன பண்றே கிட்டு?”

“கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்த வந்தனுங்ணா. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க.”

“பக்கத்து வீடு? எதிர்த்த வீடு?”

“எல்லாரும்தானுங்ணா. ஸ்கூல் லீவு விட்ட மறுநாளே பிளைட்டு. ஜனவரியிலயே டிக்கெட் புக் பண்ணினது.”

இப்போதுதான் திருமூர்த்திக்கு அந்த ஈரோட்டு மூளை திரும்பி வந்தது. “அப்ப மே மாசம் என் கையப் பிடிச்சப்பவே தெரியும்?”

“மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிங்ணா சொல்றது? மனசு நோவுமே.”

“அட பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தபால் ஓட்டு வாங்கிக் குடுத்திருப்பேனே! ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்குமே!”

“சில பேரு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்.” கிட்டுசாமி தரையைப் பார்த்தார். “அசெம்பிளியெல்லாம் நமக்கு எங்கீங்ணா. எப்படியும் நீங்க ஜெயிக்கப் போறதில்ல. ஊருக்குக் கெளம்பற நேரத்துல எதுக்கு எல்லாரையும் அலைய விடறதுன்னு...”

திருமூர்த்தி காஸ் ஸ்டேஷனில் நின்றபோதுகூட இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. வந்து காரை எடுத்தார். அன்று இரவு எண்ணி முடித்தபோது, ஒரு ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தார்.

செப்டம்பருக்குள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். கிட்டுசாமி தலைமையில் முறுக்கும் அதிரசமுமாக ஆறுதல் சொல்ல வந்து ஹாலை நிறைத்தார்கள். சாரதா காபி கொடுத்தாள், ஆனால் யாரையும் வாங்க என்று கேட்கவில்லை.

“நம்ம நிறத்தப் பாத்தா வெள்ளக்காரன் எங்கீங்ணா ஓட்டுப் போடுவான்? இந்த நாடே அப்படித்தான்” என்றார் கிட்டுசாமி. எல்லாத் தலையும் ஆடியது.

“எனக்கு விழுந்த ஓட்டு அத்தனையும் அவங்க போட்டதுதான் கிட்டு” என்றார் திருமூர்த்தி. “இவங்களெல்லாம் ஊர்ல இருந்தாங்க, சரி. நீ இங்கதானே இருந்தே. நீ போட்டியா?”

கிட்டுசாமி கையிலெடுத்த முறுக்கைக் கடிக்காமல் தட்டில் வைத்தார். “அதிரசம் சாப்பிடுங்ணா” என்று தட்டைத் திருமூர்த்தி பக்கம் தள்ளினார்.