டுசல்டோர்ஃப் கரோக்கே அறையில் தொடக்கூடாத பாட்டு

கொலோனிலிருந்து டுசல்டோர்ஃபுக்கு ரயிலில் அரை மணிநேரம். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த அரை மணிநேரத்தில் எனக்கு வியர்த்த வியர்வை, ஆடி மாதத்தில் ரோமாபுரி முழுக்க நடந்து திரிந்தபோதும் வியர்க்கவில்லை. ஆகவே எழுதத்தான் போகிறேன்.

விசயம் இதுதான். என் தம்பி கீதன், தன்னோடு வேலை செய்யும் யூக்கா என்ற ஜப்பான் பிள்ளையைத்தான் கல்யாணம் செய்வேன் என்று நிற்கிறான். எங்கள் அம்மா சம்மதித்துவிட்டா. யூக்காவின் அம்மாவும் வீடியோவில் பார்த்துத் தலையாட்டிவிட்டார். மிச்சம் அவளுடைய அப்பா. மனுசன், பெடியனை நேரில் பார்த்துத்தான் சொல்வேன் என்று ஒரே பிடி. சென்ற பங்குனியில் அவர் வேலை அலுவலாக டுசல்டோர்ஃப் வந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம், இசை ஓட ஓட நாங்களே பாடுகிற கரோக்கே அறை ஒன்று எடுத்து எங்களை அழைத்தார். எங்களுக்கு அப்பா இல்லை, அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அதனால் மாப்பிள்ளை வீட்டின் ஒரே பிரதிநிதியாகச் சேலையும் சப்பாத்துமாக நான் கிளம்பினேன்.

மூன்று மணிக்குச் சற்றுப் பின்னால் கொலோன் மத்திய நிலையத்தில் ஏறினோம். மாதச் சீட்டு வைத்திருப்பவர்கள் தனியாகச் சீட்டு எடுக்கத் தேவையில்லை. சனிக்கிழமைகளில் உதைபந்தாட்ட ரசிகர்கள் ஏறுவார்கள், முன்பெட்டிக்குப் போய்விடுங்கள். நானும் கீதனும் யூக்காவும் எதிரெதிராக உட்கார்ந்தோம். ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கீதன் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினான். யூக்காவின் முகம் மாறியது. அவர்கள் ஜேர்மன் மொழியில்தான் கதைப்பார்கள், நான் எங்கள் பேச்சில் தருகிறேன்.

"இதை ஏன் இப்ப பாடுறாய்?"

"இண்டைக்கு இதைத்தான் பாடப்போறன். உன்ரை அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டெல்லோ! மூண்டு கிழமையாப் பாடமாக்கினனான். உனக்கும் சொல்லாமல் வைச்சிருந்தனான்."

"ஐயோ, ஏலாது! அது அப்பான்ரை பாட்டு!"

"அதாலைதானே பாடுறன்."

யூக்கா தலையில் கைவைத்துக்கொண்டு விளக்கினாள். ஜப்பானியர்களிடம், அடிக்கடி கரோக்கே போகிறவருக்கு அவருக்கென்று ஒரு பாட்டு இருக்குமாம். அது அவருடைய சொத்து மாதிரி. கூட்டத்தில் பெரியவர் இருக்கும்போது அவருடைய பாட்டை இளையவன் எடுத்துப் பாடினால், அவருடைய நாற்காலியில் இவன் போய் உட்கார்ந்ததற்குச் சமம். நன்றாகப் பாடிவிட்டாலோ இன்னும் மோசம். அவளுடைய அப்பா இருபது வருசமாகப் பாடுவது, கீதன் முணுமுணுத்த அந்தத் துறைமுகப் பாட்டு ஒன்றைத்தானாம்.

எங்கள் பக்கத்தில் எப்படி? மாமாவுக்குப் பிடித்த பாட்டைத் தேடிப் பிடித்துப் பாடினால் மாமா அப்படியே குளிர்ந்துபோவார். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரிடம் அதைத்தானே கேட்கிறோம்? கீதனின் மூளையும் அந்த வழியால்தான் போயிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"மூண்டு கிழமையாக் குளிக்கிற அறைக்குள்ளை நிண்டு கத்தினாயே, இவளிட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமேடா மடையா!"

"அக்கா, எனக்கு வேறை ஒரு ஜப்பான் பாட்டும் தெரியாது" என்றான். முகம் வெளுத்துவிட்டது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

இங்கேதான் யூக்கா பாட்டுத் தேர்வில் எங்களுக்கு வகுப்பெடுத்தாள். மெதுவான பழைய பாட்டு இலேசு என்று நினைக்காதீர்கள், இழுத்துப் பாட மூச்சுப் போதாது. கார்ட்டூன் பாட்டுகள் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் நாக்குச் சுழலாது. பள்ளிக்கூடப் பிரியாவிடையில் பாடுகிறவை நல்ல இனிமை, முதல் சந்திப்பில் பிரியாவிடை பாடுவதா? காதல் பாட்டு, தகப்பனுக்கு முன்னால், சிவ சிவா. கழித்துக் கழித்துக் கடைசியில் மிஞ்சியது, பாலர் பள்ளியில் படிப்பிக்கிற நாலு வரி மழைப் பாட்டு. லெவர்குசனில் தொடங்கி பென்ராத் வருவதற்குள் கீதன் அதைப் பாடமாக்கினான். எதிரே இருந்த ஜேர்மன் அம்மா எங்களோடு சேர்ந்து தாளம் போட்டார்.

என்னை மட்டும் விட்டார்களா? எனக்குப் பாட்டும் வராது, ஜப்பான் மொழியும் வராது. அதற்குச் சொல் விளையாட்டு. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி ஓசையில் அடுத்தவர் ஒரு சொல் தொடங்கவேண்டும். எங்கள் பாட்டுக்குப் பாட்டு மாதிரித்தான். 'ன்' என்ற ஓசையில் முடிகிற சொல்லைச் சொன்னவர் தோற்றார். அந்தச் சட்டப்படி எங்கள் வீட்டு முருகன், கண்ணன், கீதன் எல்லாரும் முதல் சுற்றிலேயே வெளியே. யூக்கா எனக்குச் சாப்பாட்டுப் பெயராகப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தந்தாள்.

டுசல்டோர்ஃப் நிலையத்திலிருந்து ஜப்பானியக் கடைத்தெரு நடைதூரம்தான். வழியில் இனிப்புப் பயறு உள்ளே வைத்துச் சுட்ட பணிஸ் விற்கிறார்கள், கட்டாயம் வாங்குங்கள். நாங்களும் ஆளுக்கொன்று வாங்கினோம், பையைத் திறக்கவே இல்லை.

கரோக்கே என்றதும் மதுக்கடையில் ஊருக்கு முன்னால் பாடுவது என்று நினைத்திருந்தேன். இது பூட்டிய சின்ன அறை, ஆளுக்கு ஒரு மணிநேரத்துக்கு எட்டு யூரோ. யூக்காவின் அப்பா சனிக்கிழமையும் கோட்டுப் போட்டு, எழுந்து நின்று குனிந்தார். நான் கும்பிட்டேன். விருந்தாளி முதலில் பாடட்டும் என்று ஒலிவாங்கியைக் கீதனிடம் நீட்டினார்.

கீதன் மழைப் பாட்டைப் பாடினான். மனுசன் அந்த அறையில் வைத்திருந்த கஞ்சிரா மாதிரி ஒன்றைத் தட்டித் தட்டிக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். யூக்கா சொல் விளையாட்டு என்றாள்.

"சக்குரா" என்றார் அவர். பூ மரத்தின் பெயர்.

'ரா'வில் தொடங்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒன்று உண்டே! "ராமென்!" என்று அடித்து வைத்தேன். நூடில்ஸ் சூப்தான். சொல்லி முடித்த பிறகுதான் அது எதில் முடிகிறது என்று உறைத்தது. ஒரே சொல்லில் நான் அவுட். அந்த மனுசன் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு அவர் தன் துறைமுகப் பாட்டைப் போட்டார். நல்ல குரல். முதல் சரணம் முடியும்போது கீதனைப் பார்த்தேன். மடையனின் உதடு சத்தமில்லாமல் ஒவ்வொரு சொல்லையும் பாடிக்கொண்டிருந்தது. காலால் இடித்தேன். உதடு நிற்கவில்லை. அவரும் கண்டுவிட்டார்.

பாடுவதை நிறுத்தினார். இசை மட்டும் ஓடியது. யூக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சரி, எல்லாம் கவிழ்ந்தது என்றே நினைத்தேன். அவர் மேசையிலிருந்த மற்ற ஒலிவாங்கியை எடுத்துக் கீதனிடம் நீட்டினார். கீதன் யூக்காவைப் பார்த்தான், அவள் தலையாட்டினாள். இரண்டாவது சரணத்தை எழுந்து நின்று பாடினான். திரை முழுக்க ஜப்பான் எழுத்து, அவன் திரையைப் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் அவர் மகளிடம் ஏதோ சொன்னார். யூக்கா அதை எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"இரண்டாவது சரணத்திலை அப்பாவுக்கு எப்பவும் மூச்சு வாங்குமாம். இனி அதைக் கீதன் பாடவேணுமாம்."

"இனி எண்டால்? இண்டைக்கு மட்டுமோ? வடிவாக் கேளும்" என்றேன் நான். இந்த நேரத்தில் எனக்கு வெட்கமா பெரிது?

அவள் கேட்டாள். அவர் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"எப்பவுமாம்" என்றாள் யூக்கா, அழுதுகொண்டே.

அப்பாடா! அவ்வளவு நேரமும் கல்லாய்க் கிடந்த நெஞ்சு லேசாகிப் போனது. வாசலுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மா, மண்டபம் பாருங்கோ" என்றேன். திரும்பி வந்து, ஆறிப்போன பணிஸ் மூன்றையும் நானே சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சனிக்கிழமை என்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். லத்தீன் எழுத்தில் வரி காட்டுமா என்று கேளுங்கள், எல்லாப் பாட்டுக்கும் காட்டாது. ஒருவர் பாடும்போது எங்கள் வழக்கம்போல நடுவில் புகுந்து பாடாதீர்கள். கைகொட்டலாம், அழைத்தால் சேரலாம். முக்கியமாக, பெரியவர் எந்தப் பாட்டுப் பாடுவார் என்று முதலே விசாரித்து, அதை விட்டுவிட்டு மற்றதில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

கீதன் இப்போதும் குளிக்கும்போது அந்தத் துறைமுகப் பாட்டுத்தான். ஆனால் இரண்டாவது சரணத்திலிருந்துதான் தொடங்குகிறான். முதலாவதை ஏனடா விட்டாய் என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"அது மாமான்ரை, அக்கா" என்றான்.