பெருங்கற்காலமும் அண்ணன் போன வருஷமும்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் நான் கற்காலத்தைப் பற்றியெல்லாம் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான்; படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மோரில் அரைத்துக் கலக்கிய கீழாநெல்லியின் அந்தப் பச்சைக் கசப்பு வாசனை போன வாரம் திரும்பவும் என் மூக்கில் ஏறிவிட்டது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வாசனை சைதாப்பேட்டையில், ஆற்றை ஒட்டிய சந்தில், நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்குச் சொந்தமானது. அப்பா கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு, அண்ணன் சேகர் ஒன்பதாம் வகுப்பு. ஒரு கோடையில் பக்கத்து வீட்டு அக்கா அண்ணனைக் கூப்பிட்டு இமையை விலக்கிப் பார்த்து, "இன்னாக்கா இது, புள்ள கண்ணு மஞ்சளா கீதே" என்று அம்மாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து வீடு முழுக்கக் கீழாநெல்லிதான். உப்பில்லாத சோறு, கரும்புச் சாறு, யாரோ மந்திரித்துக் கட்டிய கயிறு, கடைசியில் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த நாளில் எதைக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சாமியானா, அதில் ஒரு மூலையில் பீடி சுட்ட ஓட்டை. பள்ளிச் சீருடையிலேயே வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வரிசையாக உட்கார்ந்திருந்த அண்ணனின் சிநேகிதர்கள். மேளக்காரர்களுக்கு டீ கொடுக்கச் சொல்லி யாரோ என் கையில் தூக்குச் சட்டியைத் திணித்தது. மறுநாள் பஸ் டயரில் ஒட்டிக்கொண்டு போன ரோஜா இதழ்கள். அப்புறம், என்னைச் சமையல்கட்டு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் முகத்தைத் துடைத்துவிட்ட காஞ்சனா அத்தை, அப்பாவின் தங்கை.

"தோ பாரு, இனிமே உங்கம்மா உன் பொறுப்பு. அவன் பேச்ச எடுத்தா அழுவா, அப்புறம் அவளையும் தூக்கிக்கினு போவணும். எடுத்தான்னா பேச்ச மாத்திடு. இன்னா, புரிதா?"

புரிந்தது. அளவுக்கு மீறியே புரிந்துவிட்டது.

அம்மா பாத்திரம் துலக்கும்போதோ எனக்குத் தலை பின்னும்போதோ, "அன்னிக்கு சேகரு இன்னா பண்ணான் தெரியுமா…" என்று ஆரம்பிப்பாள். உடனே நான், "அம்மா, பம்புல தண்ணி வருது!" என்று கத்துவேன். தெருவுக்கே ஒரு அடிபம்பு, அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலம், அந்த வார்த்தையைக் கேட்டால் உடம்புக்கு முடியாதவர்கள்கூட எழுந்து ஓடுவார்கள். அம்மாவும் எழுந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள், வெறும் குடத்தோடு திரும்பி வருவாள், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர மாட்டாள். எனக்குப் பெருமையாக இருக்கும், அம்மாவை அழவிடாமல் காப்பாற்றிவிட்டேன் என்று. கொஞ்ச காலத்தில் அவள் ஆரம்பிப்பதையே நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அண்ணன் ஒரு ஆளாக இல்லை, ஒரு வருஷமாக ஆகிவிட்டான். "சேகர் போன வருஷம்தான் கரண்ட் இழுத்தோம்", "இந்த பீரோ சேகர் போறதுக்கு முன்னாடி வாங்கினது", "உனக்கு அம்மை போட்டது சேகர் போனதுக்கு மறுவருஷம்" என்று வீட்டில் எல்லா நாளுக்கும் அதுதான் கணக்கு. அப்பாவும் தன் கடைசிக் காலம் வரை அப்படியேதான் சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நந்தினி, சரித்திரப் பரீட்சைக்காகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். என்னுடைய பட்டன் போனைப் பார்க்கும்போதெல்லாம் "கற்காலம்" என்று கேலி செய்கிறவள், அன்றைக்கு அந்தக் காலத்து ஆட்களுக்காகவே சண்டைக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, பெருங்கற்காலத்து ஆளுங்ககிட்ட இரும்பு இருந்துச்சாம்மா. நெல்லு பயிர் பண்ணியிருக்காங்க, கறுப்பும் செவப்புமா பானை பண்ணியிருக்காங்க. ஆனா செத்தவங்களப் பொதச்ச எடத்துல பெரிய பெரிய கல்லா வெச்சாங்கன்னு பேரு மட்டும் பெருங்கற்காலம். இன்னா அநியாயம் இது! நெல்லுக் காலம்னு வெச்சா கொறஞ்சா பூடும்?"

நான் சிரித்தேன். அவள் பேனாவைக் கடித்தபடி சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சேகர் மாமா எப்டிம்மா இருப்பாரு?"

"மஞ்சக் காமாலைடி. ஒரே கோடையில…"

"அது செத்தது. நான் உசுரோட இருந்தத கேக்கறேன்."

ஊசியைச் சேலையில் குத்தி வைத்துவிட்டு யோசித்தேன். சாமியானாவின் ஓட்டை வந்தது, தூக்குச் சட்டி வந்தது, கீழாநெல்லி வாசனை வந்தது. அண்ணன் சிரித்தால் எப்படி இருப்பான், என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவான், ஒன்றுகூட வரவில்லை. என்னோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கியவனுக்கு, பெருங்கற்காலத்து ஆட்களுக்கு வைத்த மாதிரி, அவன் செத்ததை வைத்தே நானும் பெயர் வைத்திருந்தேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அடுத்த அறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவளின் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, அண்ணன் அப்பல்லாம் இன்னா பண்ணுவான்? சொல்லேன்" என்றேன். அம்மா மொச்சையிலிருந்து நிமிர்ந்தாள்.

"இன்னா, பம்புல தண்ணி வர்லியா?"

"தெரியுமாம்மா?"

"தெரியாம? தண்ணி வந்தா தெருவே கத்தும், நீ ஒருத்தி மட்டுமா கத்துவ? நீ பயந்துகினு நிப்ப. சரி, கொழந்த மனசு நோவ வேணாம்னு கொடத்த எடுத்துக்கினு போவேன். பம்பாண்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன்."

"இப்ப சொல்லும்மா. நான் கேக்கறேன்."

"இப்ப கேட்டா இன்னாத்த சொல்றது? சொல்லிக்கினே இருந்திருந்தா இருந்திருக்கும்." ஒரு மொச்சையைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். "எனக்கும் ஆஸ்பத்திரிதான் நெனப்புக்கு வருது."

அத்தையைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, அவள் அண்ணியைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் பத்து வயதுக்குப் பிறகு எனக்கு இருபது வந்தது, நாற்பது வந்தது, கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி எழும்பிவிட்டது. அடிபம்பு இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. அந்த வீட்டில் அண்ணன் பேசியது என்று ஒரே ஒரு வார்த்தைகூட எங்கள் இருவரிடமும் இல்லை.

மறுநாள் நந்தினி பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். பெருங்கற்காலத்திலிருந்து கேள்வி எதுவும் வரவில்லை என்றாள். மத்தியானம் நான் ரசத்துக்குத் தக்காளி பிசைந்துகொண்டிருந்தபோது, வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்த அம்மா, யாரும் கேட்காமலேயே, "அவனுக்கு ரசத்துல தக்காளித் தோலு வந்தா ஆவாது. பொறுக்கி எடுத்து உன் தட்டுல போட்டுடுவான்" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.